ஆறு வருஷம் திறக்காத எஞ்சின்

ராஜையன்: ...பெட்ஷீட்டை எடு ஜினி. மூடிக் கொண்டுவந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா? நாலு சக்கரமும் வெளியதான நிக்குது.

ஜினி: டெம்போக்காரன் மூடினது அண்ணே. கரமனைப் பாலத்துல போலீஸ் நிப்பாங்களாம்.

ராஜையன்: பிள்ளைங்க விளையாடுத வண்டின்னு சொல்லியிருக்கலாம்லா.

ஜினி: என் வீட்டுக்காரரு கேட்டா அடிக்க வருவாரு. சக்கரம் நாலுன்னாலும் ரேஸ் பைக்காக்கும் இது.

ராஜையன்: அனில் இப்பம் எங்க ஓடிவந்து அடிக்க... சே. வாயில வந்துட்டுது. மன்னிச்சிரு மக்ளே.

ஜினி: சாரமில்ல, போகட்டும். அவரே இப்படிச் சொல்லித்தான் சிரிக்காரு. கம்பை ஊணிக்கிட்டு சாலை பஜார்ல கடை வேலைக்குப் போறாரு, ஸ்டூல்ல இருந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுக்காரு. நீங்கதான் ஆறு வருஷமா சிரிக்கல்ல. வீட்டுப் பக்கம் வரவும் இல்ல.

ராஜையன்: வேலை ஒருபாடு, நேரமே கிடைக்கல்ல.

ஜினி: ஆமா, பாத்தாலே தெரியுது. ரெண்டு ஸ்கூட்டரு, ஒரு பூனை.

ராஜையன்: ...வந்த காரியத்தைச் சொல்லு.

ஜினி: இது ஸ்டார்ட் ஆகணும்.

ராஜையன்: நான் இப்பம் டியூனிங் செய்யுறதில்ல. போர்டைப் பாக்கல்லியா? ஸ்கூட்டர் சர்வீஸ். ஆயில் மாத்துவேன், பிரேக் கட்டை போடுவேன். அவ்வளவுதான்.

ஜினி: ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு வண்டி போனா, சத்தத்தைக் கேட்டே பிளக்கு கறுத்துப்போச்சுன்னு சொல்லுவிய. அந்த ஆளா பிரேக் கட்டை போடுதிய?

ராஜையன்: அந்த ஆளு நெடுமங்காட்டு ரப்பர் தோட்டத்து ஏத்தத்துலயே நின்னுட்டான்.

ஜினி: ஒரே ஒரு தடவை அண்ணே. வண்டியை, கூட ரேஸ் ஓட்டின பிஜுவுக்குக் குடுத்திரலாம்னு அவரு சொல்லியாச்சு. குடுக்க முன்ன அந்தச் சத்தத்தை ஒருக்கக் கேக்கணுமாம். நீங்க கையை வச்சு ஸ்டார்ட் பண்ணினாத்தான் அந்தச் சத்தம் வருமாம்.

ராஜையன்: இன்னுமா அவன் அப்படிச் சொல்லுதான்?

ஜினி: ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்தா, உங்களுக்கும் சேத்துத்தான் இலை போடச் சொல்லுவாரு. முதல் ஒரு வருஷம் போட்டேன். பிறகு நிறுத்திட்டேன்.

ராஜையன்: ...அந்த பாக்ஸ் ஸ்பேனரை எடு. அது இல்ல, பெருசு.

ஜினி: இந்தாங்க. திறந்தா... அன்னைக்கு எஞ்சின் எதுனால பிடிச்சு நின்னுதுன்னு தெரியுமா?

ராஜையன்: அது ஊருக்கே தெரியும். ஜெட்டு. போட்டதும் நான், மைக் கெட்டி விளிச்ச மாதிரி எல்லார்கிட்டயும் சொன்னதும் நான்.

ஜினி: எனக்குப் புரியுத மாதிரி யாரும் சொல்லல்ல.

ராஜையன்: கார்ப்ரேட்டருக்குள்ள ஒரு பித்தளைத் துண்டு, அதுல ஊசி மாதிரி ஒரு ஓட்டை. பெட்ரோல் அது வழியாப் போகும். ஒரு சைஸ் சின்னதாப் போட்டா பெட்ரோல் குறையும், வண்டி ஏத்தத்துல நல்லா சாடும். அளவு தப்பினா எஞ்சின் வெந்துபோகும். வெந்தா பிஸ்டன் பிடிச்சுக்கும். பின்சக்கரம் ரெண்டும் போன போக்குல அப்படியே நிக்கும், மேல இருக்குதவன்...

ஜினி: மேல இருக்குதவன் மரத்துல போய் விழுவான். அதை நான் பாத்தேன்.

ராஜையன்: ...இந்த ரப்பர் குழாயைப் பிடி. கார்ப்ரேட்டரைக் கழட்டணும்.

ஜினி: இது என்ன நீலமா சுத்தியிருக்கு?

ராஜையன்: டேப்பு. ரப்பர்ல ஒரு வெடிப்பு இருந்துச்சு, அது வழியா காத்து ஏறிச்சு. காத்து ஏறினா ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி இரையும், அடங்காது. அன்னைக்கு ரேஸுக்குக் கொடி அசைக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போ அவசரத்துக்கு ஒட்டினேன். உரிச்சு எடு.

ஜினி: ஆறு வருஷமாகியும் பசை போகல்ல அண்ணே. கையில ஒட்டுது.

ராஜையன்: தூரப் போடு.

ஜினி: போடுதேன், போடுதேன். நீங்க வேலையைப் பாருங்க.

ராஜையன்: ஹெட்டு வந்தாச்சு. இனி சிலிண்டர். கொஞ்சம் தட்டணும்... துரு ஏறிக் கிடக்கு. நீ விலகு.

ஜினி: வருதா?

ராஜையன்: ம்.

ஜினி: அண்ணே? என்ன, பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பாக்குதிய...

ராஜையன்: ஜெட்டுதான்.

ஜினி: இன்னும் துடைக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்லுதிய.

ராஜையன்: முப்பது வருஷமா இதைத்தான பாக்குதேன். ஜெட்டுதான்.

ஜினி: பிஸ்டனை இங்க தாங்க.

ராஜையன்: சேலையெல்லாம் கரியாகும்.

ஜினி: ஆகட்டும். தாங்க... சுத்தி வரக் கீறியிருக்கு.

ராஜையன்: கீறத்தான் செய்யும்.

ஜினி: ஆரியசாலையில சிவதாணு அண்ணன் ஒர்க்ஷாப்புக்குப் போனேன் போன வாரம். யாருக்கோ கேக்குத மாதிரி கேட்டேன். ஜெட்டு தப்பினா சைலன்சர் பக்கத்துலதான் கூடுதல் கீறுமாம், தலையும் உருகுமாம். ஆயில் கலக்காத பெட்ரோல்ல ஓடினாத்தான் இப்படி, சுத்தி வர...

ராஜையன்: சிவதாணு கார் மெக்கானிக்காக்கும். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓடுத டூ ஸ்ட்ரோக்கைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?

ஜினி: அண்ணே.

ராஜையன்: சொல்லு.

ஜினி: அன்னைக்கு டேங்க்ல பெட்ரோல் ஊத்தினது நான்.

ராஜையன்: அந்தத் துணியைத் தா, கையைத் துடைக்கணும்.

ஜினி: நீங்க வண்டிக்கு அடியில கிடந்திய. அவரு ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, ஜினி, டேங்கை நிறைன்னாரு. ஜீப்புக்குப் பின்னால ரெண்டு கறுத்த கேன். ஒண்ணுல என் ஸ்கூட்டருக்கு ஊத்துத வெறும் பெட்ரோலு, ஒண்ணுல நீங்க ஆயில் கலந்தது. ஏத்தம் பாதி ஏறுதது வரைக்கும் வண்டி நல்லாத்தான் போச்சு. பிறகு...

ராஜையன்: விடு ஜினி.

ஜினி: இல்ல, சொல்லிருதேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க வந்து, என் ஜெட்டு தப்பிப்போச்சு, எல்லாம் நான் செஞ்சதுன்னு அழுதிய. நானாத்தான் இருக்கும்னு அப்பமே எனக்குத் தோணிச்சு. வாயைத் திறக்கல்ல. ஒருவேளை நிசமாவே ஜெட்டா இருந்துட்டான்னு ஒரு ஆசை. இன்னைக்கு வந்ததும் அந்த ஆசையிலதான்.

ராஜையன்: மடியில ஆறு மாசப் பிள்ளை இருந்துச்சு உனக்கு. நீ என்ன செய்வே?

ஜினி: அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? ஜெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, நான்தான் ஆக்ஸிலேட்டரைக் கூடுதல் முறுக்கிட்டேன்பாரு. அதையும் கேட்டுக்கிட்டு சோறு விளம்புவேன். எனக்கு நாணமே இல்ல அண்ணே.

ராஜையன்: எனக்குத் தெரியும்.

ஜினி: என்ன தெரியும்?

ராஜையன்: வெறும் பெட்ரோல்னு. அவனை ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டு, வண்டியை நிமித்தி டேங்கைத் திறந்தேன். ஆயிலோட நிறமும் இல்ல, மணமும் இல்ல. ஜெட்டையும் அங்க வச்சே கழட்டிப் பாத்தேன். ஜெட்டு சரியாத்தான் இருந்துச்சு.

ஜினி: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா ஜெட்டுன்னு சொன்னிய?

ராஜையன்: டேங்கை அங்கயே காலி பண்ணிட்டுத்தான் கொண்டுவந்தேன்.

ஜினி: எனக்காக. ஆறு வருஷம். டியூனிங்கை விட்டு, அவருகிட்ட பேச்சை விட்டு, ஊரெல்லாம் உங்களைக் கையாலாகாதவன்னு சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு... கூடப்பிறந்தவன் செய்வானா அண்ணே இதை?

ராஜையன்: ஜினி, வேண்டாம்.

ஜினி: நான் சொல்லுவேன். இன்னைக்கே அவருகிட்டப் போய், ஜினி பண்ணின தப்பை ராஜையன் அண்ணன் சுமந்தாருன்னு சொல்லத்தான் போறேன். கலந்த கேனுக்கு நீங்க எப்பளும் நீல டேப் ஒட்டித்தான் வைப்பிய. ஒரு நாளும் மறந்ததில்ல. டேப் இருக்குத கேனை எடுன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லியும் தந்திருந்திய. அன்னைக்கு டேப்பைப் பாத்தேனா பாக்கல்லியான்னு எனக்கு ஓர்மை இல்ல. எத்தனை யோசிச்சும் ஓர்மை வரல்ல. உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் அண்ணே.

ராஜையன்: எழும்பு. முதல்ல எழும்பு மக்ளே... என்னைப் பெரிய மனுஷன் ஆக்காதே, என்னால தாங்க முடியாது. நீ பாத்திருப்பே. டேப்பு கேன்ல இருந்தாத்தான கண்ணுல படும்? ரப்பரைச் சுத்த வேற ஒண்ணும் கையில கிடைக்கல்ல, கேன்ல இருந்ததை உரிச்சு எடுத்தேன். உங்கிட்டயும் சொல்லல்ல, அவங்கிட்டயும் சொல்லல்ல. ஜெட்டு தப்பிப்போச்சுன்னா மெக்கானிக்குக்கு ஒரு தடவை பிசகும்னு விட்டிருவாங்க, இதை எப்படிச் சொல்ல? நீ இப்பம் உருட்டிக்கிட்டு நிக்கியே, உன் கையில... அந்த டேப்புதான் அது.