கண் திறக்காத முதலாளி

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நான், இன்று தோல் பதனிடும் சொந்த ஷாப்புக்கு முதலாளி. என்றாலும் ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவேன். ருசியான பேச்சு அங்கேதான் கிடைக்கும். வாயைத் திறக்காமல் கேட்பதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை.

அன்று காட்பாடியில் ஏறியதும், எதிர்ப் பலகையில் ஓர் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

“கண்ணே இல்லாத புருசனை வாசல்ல நிக்க வைக்க உடமாட்டேன்.”

பக்கத்தில் கணவர், ஆம்பூர்த் தோல் வியாபாரி. காலடியில், கழுத்துவரை வைக்கோல் சுற்றிய அவருடைய மார்பளவுக் கற்சிலை. புது வீட்டு வாசலுக்காம். கண்கள் வழுவழுவென்று வெறுமையாக இருந்தன. செதுக்கிய ஸ்தபதியும் கூடவே வந்தார்.

“பட்டணத்துல தொரைங்க சிலை எல்லாம் இப்படித்தாம்மா. சீமையில பெரிய படிப்பாளிங்களே பழைய ரோமாபுரிச் சிலைய பாத்துத்தான் தங்களுக்கும் செஞ்சுக்கிட்டாங்க. அதுல கருவிழி கெடையாது.”

“தொரைசானிங்களே சும்மா இருக்கறாங்க, உனக்கு இன்னாடி பேஜாரு?” என்றார் கணவர்.

“நம்மூர்ல கண்ணு தொறக்காத சிலை வெறுங் கல்லு. தொறக்கலன்னா கிரகப்பிரவேசத்துக்கு நான் வரல.”

கணவர் விட்டுக்கொடுத்தார். “சரி ஸ்தபதி, தொறந்துடு. நான் ஷாப்புல இருந்தாலும், இவ அம்மா வீட்டுக்கு இன்னா மூட்டை போவுதுன்னு வாசல்லேர்ந்தே பாத்துக்கறேன்.”

ஸ்தபதி பையிலிருந்து உளியை எடுத்தார்.

“உளிய உள்ள வைங்க ஸ்தபதி,” என்றார் அம்மாள். “அந்த ரோமாபுரிப் பொம்பளைங்க புத்திசாலிங்க.”