செம்பூரில் காலியான சீட்டு

மும்பையில் காலை 8.14 பன்வேல் மின்வண்டி, பெண்கள் பெட்டி. குர்லாவில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்களில் மூத்தவருக்கு உடனே இடம் கிடைத்தது. முட்டி வீங்கி நொண்டிக்கொண்டிருந்த இளையவளுக்காக, செம்பூரில் இறங்கவிருந்த ஒருவரிடம் மூத்தவரே இடம் கேட்டு வைத்தார். செம்பூரில் இடம் காலியானதும், இளையவள் முன்பின் தெரியாத ஒருத்தியை அதில் உட்கார வைத்தாள். அந்தப் பெண் உட்கார்ந்ததும் தூங்கிப் போனாள்.

“ஏட்டி, கோட்டியா ஒனக்கு? ஒனக்குன்னுதான கேட்டு வச்சேன்?”

“நைட் டூட்டி முடிச்சு வாரா போலிருக்குக்கா.”

“ஒரு தேங்க்ஸ் சொன்னாளா?”

“சொல்லாட்டி என்ன. இப்படிக் குடுத்தா எனக்கு நாள் பூரா மனசு லேசா இருக்கும்.”

“மனசு லேசாயிரும். முட்டி? கடையில பத்து மணி நேரம் மனசா நிக்கப் போவுது?”

இளையவள் சிரித்தாள். கோவண்டி தாண்டியதும் கம்பியைப் பிடித்தபடி காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். மூத்தவர் எழுந்தார்.

“இதுல இரிட்டி. நீ நிக்கதப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல.”

இளையவள் உட்கார்ந்தாள்; மான்குர்டு வந்ததும், நின்றுகொண்டிருந்த மூத்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மனசு லேசா இருக்காக்கா?”

“இருக்கு, இருக்கு. பேசாம வா.”