வைவாவில் நன்றியுரை

இல்லீங்க தலைவரே, நன்றி சொல்ற முறையெல்லாம் எனக்கும் தெரியும். மொதல்ல நடுவர் தலைவரு, அப்புறம் கைடு, அப்புறம் மத்த பேராசிரியருங்க, கடைசியில பொண்டாட்டி புள்ளைங்க. வரிசை மாறக்கூடாது. நானும் வரிசையாத்தான் சொல்லப்போறேன். நன்றிய இல்ல, இந்தப் பல்கலைக்கழகம் செஞ்சத.

ஒண்ணு. ஸ்ட்ரைக்குக்கு நோட்டீசு எழுதினேன்னு ஸ்காலர்ஷிப்ப நிறுத்தினீங்க. ரெண்டு. நான் லாக்கப்புல கெடந்தப்ப ஹாஸ்டல் ரூமத் தொறந்து, என் பாயையும் புஸ்தகத்தையும் மழையில எறிஞ்சீங்க. மூணு. நரைச்ச தலையோட திரும்பி வந்தா, நோட்டீசு படிச்சே பிரெஞ்சு கத்துக்கிட்ட கெழவனுக்குக் கல்வித் தொழில்நுட்பத்துல டாக்டர் பட்டமான்னு வாசல்லயே சிரிச்சீங்க.

என்ன, முறைக்கிறீங்க? நீங்க மோசி இனம், நான் சாமோ இனம், கேலி பேசிக்கிற முறைக்காரங்க. பாட்டன் காலத்துலருந்து உங்களுக்கு நான் அடிமை, எனக்கு நீங்க அடிமை. சாமோக்காரன் கேலிக்கு மோசிக்காரன் கோவப்பட்டா இந்த வாகடூகு ஊரு பூரா சிரிக்கும். பாருங்க, உங்க மச்சானே பின்னாடி சிரிக்கிறாரு. செத்த பொறுங்க, நம்ம ரெண்டு இனமும் எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிற நாய்த்தலைக் கறி வாங்கி அனுப்புறேன்.

வெளிய என் பொண்டாட்டி குண்டான் நெறைய சோறும் சோளக் கள்ளுமா, டாக்டரம்மா ஆகப்போறோம்னு காத்துக்கிட்டிருக்கா. பாவம்.

நாலாவது எனக்கு நடந்ததில்ல.

கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட்டு குடுத்தாங்கல்ல, அதுல புள்ளைங்க எப்படிப் படிக்குதுன்னு பாக்க, இதோ உக்காந்திருக்காரே நம்ம கைடு பம்பாரா ஐயா, ஒரு பொண்ண அனுப்பினாரு. அவர்கிட்ட பிஎச்டி பண்ணின பொண்ணு. அது அங்கேயே தங்கிப் பாத்துச்சு. எல்லாம் பீரோவுல பூட்டிக் கெடக்கு. ஒண்ணு ஒடஞ்சா ஹெட்மாஸ்டர் பதில் சொல்லணுமே, அந்த பயம். நிதி குடுத்த வெள்ளக்காரங்க வர்ற அன்னிக்கு மட்டும் புள்ளைங்க கையில குடுத்து போட்டோ எடுப்பாங்க. சாயங்காலம் தொடச்சு உள்ள வெச்சிருவாங்க. பாத்தத அப்படியே எழுதுச்சு. மாத்தி எழுதுன்னாரு ஐயா. மாட்டேன்னுச்சு. மறு வருசம் அதோட பதிவே இல்ல. அது சேத்த விவரம் மட்டும், முடிவ தலகீழாத் திருப்பி, ஐயா பேருல பிரான்சுல அச்சாச்சு.

எந்திரிக்காதீங்க ஐயா. கதவையும் சாத்தாதீங்க. இது பொது வைவா.

அந்தப் பொண்ணா? வரல. ஸ்கூல் நாளாச்சே, ஒண்ணாங்கிளாசுக்குப் பாடம் எடுக்குது.

நான் எழுதின நோட்டீசு அத்தனையும் கிழிச்சீங்க. இந்த ஹால்ல சொல்றத கிழிக்க முடியாது, மினிட்ஸ்ல ஏறும். அதுக்குத்தான் கெழட்டு வயசுல பேரு குடுத்தேன். தீசிஸ்ல நாலாவது அத்தியாயம் என்னுது இல்ல தலைவரே. அந்தப் பொண்ணோடது. அதுகிட்ட கேட்டுத்தான் வெச்சேன். இதச் சொன்னா பட்டம் போயிடும்னு தெரியும். நீங்களே வெச்சுக்குங்க.

செக்ரட்டரியம்மா, பேனாவ எடுங்க, அந்தப் பொண்ணு பேர மினிட்ஸ்ல எழுதணும். மத்தவங்க எல்லாம் எந்திரிங்க. முடிவு வாசிக்கிறப்ப நின்னுதான கேப்பீங்க? நில்லுங்க, நீங்கதான் சாட்சி.

ஷார்லின் தபிரே.