கடைவீதியின் பின்பக்கம்

— இல்லைங்க, எனக்கு இப்ப நிச்சயமா சொல்லத் தெரியல. அன்னைக்கு நான் பையோட கடையைத் தாண்டினப்ப மளிகைக் கடை அண்ணன் தலையை நிமிர்த்தினாரு. அது ஞாபகம் இருக்கு. ஆனா கண்ணு என் மேல இருந்துச்சா, பை மேல இருந்துச்சா? யோசிக்க யோசிக்கக் குழம்புது. சில நேரம் அவர் நிமிரவே இல்லையோன்னும் தோணுது.

— கடையில உட்கார்ந்திருக்கிற மனுஷன் தெருவில போறவங்களைப் பார்க்காம வேற என்னத்தைப் பார்ப்பாரு? பார்த்திருப்பாரு. விடு.

— எப்படி விடுறது? இந்தப் பச்சைப் பையைப் பாருங்க. பெரிய கடைக்காரன் பேரை எவ்வளவு பெருசா அடிச்சிருக்கான்.

— கடையே அவ்வளவு பெருசு. பேரை மட்டும் எறும்பு மாதிரி போடுவானா?

— துணிப்பை எடுத்துக்கோங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

— எடுத்தேன். செருப்பு மாட்டுற அவசரத்துல வாசல்லயே வச்சுட்டேன். அதனாலதானே இந்தச் சந்து வழியா சுத்திட்டுப் போறோம்? நேரா வீட்டுக்குப் போறோம். பையை உள்ள வைக்கிறோம். வெறுங்கையை வீசிக்கிட்டு கடைவீதி வழியா அண்ணன் கடைக்குப் போறோம். அப்பாவைக் கூட்டிட்டு வர்றோம். இதுல என்ன கஷ்டம் உனக்கு?

— உங்க அப்பாவை அண்ணன் கடையில உட்கார வச்சுட்டு, அவர் வியாபாரத்தைக் கெடுக்கிற கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு வர்றோம். இதுல என்ன கஷ்டம்னு கேக்குறீங்க.

— மெதுவா பேசு. பேக்கரி பின்கதவு திறந்திருக்கு.

— அந்த அடுப்புச் சத்தத்துல ஒண்ணும் கேட்காது.

— கேட்காது. ஆனா அந்த ஆளுக்கு மூக்கு பொல்லாத மூக்கு. பையில ரொட்டி இருக்குல்ல?

— நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மான்னு நீங்கதான் எடுத்துப் போட்டீங்க.

— சரி, சரி. நட.

— மாமாவை நினைச்சுக்கிட்டே வர்றேன். இந்நேரம் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, வர்றவங்க போறவங்களை எல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டிருப்பாரு.

— கூப்பிடட்டும். வீட்ல தனியா விட்டா கதவைத் திறந்துக்கிட்டு எங்கேயாவது கிளம்பிடுறாரு. பெரிய கடைக்குக் கூட்டிட்டுப் போனோம், நகரும் படிக்கட்டைப் பார்த்துட்டு குழந்தை மாதிரி அழுதாரு. நம்ம நிலைமையைப் பார்த்துத்தானே அண்ணன், "இங்க விட்டுட்டுப் போங்க, எனக்கும் பேச்சுத்துணையாச்சு"ன்னாரு.

— அவரா கேட்டாரு. அதுதான் உறுத்துது.

— நேத்து என்ன பண்ணினார் தெரியுமா? நான் அப்பாவைக் கூப்பிடப் போனேன். அப்பாவுக்குக் கிளம்ப மனசில்ல. கடையே தன்னோடதுன்னு நினைச்சு, யார் பார்த்துக்குவான்னு கேக்குறாரு. உடனே அண்ணன் எழுந்து, கையைக் கட்டிக்கிட்டு நின்னு, "முதலாளி, நீங்க போய் ஓய்வெடுங்க, கடையை நான் பார்த்துக்கறேன்"ங்கறாரு. அப்பா அவர் தோள்ல தட்டிக் கொடுத்து, "கவனமா இருப்பா"ன்னுட்டு இறங்குறாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

— எனக்குச் சிரிப்பு வரல.

— எனக்கும் வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் வரல.

— ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? நாம ஏன் அங்க போறோம்?

— எங்க, பெரிய கடைக்கா? எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குது. குளுகுளுன்னு இருக்கு.

— அதில்லைங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். அண்ணன் கடையில காலை வச்சாலே, "என்னம்மா, எண்ணெய் அதுக்குள்ள தீர்ந்துபோச்சா, வீட்ல விருந்தாளியா? முகம் ஏன் வாடியிருக்கு? தூங்கலையா?" இப்படிக் கேப்பாரு. அன்பாத்தான் கேக்குறாரு. பெரிய கடையில என்னை யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. நான் இருக்கிறதே அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் போறேனோன்னு ஒரு சந்தேகம்.

— இதெல்லாம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறியா நீ?

— பொட்டலம் கட்டிட்டு நூலை விரல்ல சுத்தி வெடுக்குன்னு அறுப்பாரு பாருங்க, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே சின்ன வயசுல அம்மாகூட ஒட்டிக்கிட்டுப் போவேன். அப்படிப்பட்ட கடையைக் கண்டு இப்ப ஒளிஞ்சு போறேன்.

— நீ மட்டுமா? போன வாரம் இதே சந்துல டெய்லர் எதிர்ல வந்தாரு. கையில பச்சைப் பை. என் கையிலயும் பச்சைப் பை. ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்துக்கிட்டே மழை வருமா வராதான்னு பேசினோம். வாயில ஊசியைக் கவ்விக்கிட்டே ஊர்க்கதை பேசுற மனுஷன், வாய் காலியா இருந்தும் அன்னைக்கு அதுக்கு மேல வார்த்தை வரல அவருக்கு.

— டெய்லருமா?

— டெய்லரும்தான். வாட்ச் கடைக்காரர் இருக்காரே, ஒத்தைக் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு அப்படியே நிமிர்ந்து பேசுவாரே, அவர் வீட்டம்மாவையும் அங்க பார்த்தேன். நல்லவேளை, லென்ஸ் மாட்டின கண்ணோட அவர் வரல. வந்திருந்தா என் பையில இருக்கிற சோப்பு என்ன சோப்புன்னு படிச்சிருப்பாரு.

— சிரிக்க வைக்காதீங்க. இது யார் கடையோட பின்பக்கம்?

— போட்டோ ஸ்டுடியோ. நம்ம கல்யாண போட்டோ இன்னும் முன்பக்கக் கண்ணாடியில தொங்குது, தெரியுமா? பச்சைப் பையோட அந்தப் பக்கமா போனா நாமளே நம்மளை முறைச்சுப் பார்ப்போம்.

— அதுல உங்களுக்குத் தலை நிறைய முடி. முறைச்சாலும் யாரோன்னு நினைச்சுக்கலாம்.

— சரியாப் போச்சு. வாய் திரும்பிடுச்சு உனக்கு.

— போகும்போது அண்ணன் கடையில என்ன வாங்கப் போறீங்க?

— ஒரு பாக்கெட் மெழுகுவத்தி.

— மறுபடியும் மெழுகுவத்தியா? அலமாரி முழுக்க அதுதான் இருக்கு.

— அப்பாவைக் கூட்டிட்டு வர்றப்ப வெறுங்கையோட எப்படி இறங்குறது? கண்ணுல முதல்ல படுறதை எடுத்துடுறேன். அது என்னமோ மெழுகுவத்தியாவே இருக்கு.

— அவர் அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பீங்களா?

— இல்ல. நூலைப் பார்ப்பேன். கொஞ்சம் நில்லு. பின்னாடி ஏதோ சக்கரச் சத்தம் கேக்குது.

— ஐயோ, யாருங்க?

— திரும்பிப் பார்க்காத. பையை முன்னாடி பிடிச்சுக்கோ. சுவத்தோரமா ஒதுங்கு.

— நாம என்ன திருடங்களா?

— அதையெல்லாம் வீட்ல போய் பேசிக்கலாம். ஒதுங்கு.

— யாரது, வழியை அடைச்சுக்கிட்டு? கொஞ்சம் தள்ளி… அட, தம்பியா?

— மளிகைக் கடை அக்கா! நீங்களா?

— நானேதான். கூட யாரு, கண்ணு நீயா? இந்தச் சந்துல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?

— சும்மாதான் அக்கா. காத்து வாங்கலாம்னு வந்தோம்.

— இங்கயா? சாக்கடைக் காத்தையா வாங்குறீங்க, தம்பி?

— அக்கா, நீங்க எங்க இந்தப் பக்கம்? வண்டியெல்லாம் தள்ளிக்கிட்டு?

— நானா? நான்… வண்டியை ரிப்பேர் பார்க்கக் கொண்டு போனேன். பாருங்க, சக்கரம் எப்படிக் கத்துது.

— அக்கா, வண்டி மேல போட்டிருக்கிற போர்வை விலகுது.

— விலகட்டும் கண்ணு, பரவாயில்ல. நீ பார்க்காத.

— பச்சைப் பை.

— பார்க்காதன்னு சொன்னேன்ல?

— அக்கா, இத்தனை சோப்பா? வீட்ல இருக்கிறது நீங்களும் அண்ணனும்தானே? தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைஞ்சு போயிடுவீங்களே.

— கேலி பண்ணாதீங்க தம்பி. உயிர் போற மாதிரி இருக்கு எனக்கு.

— நீங்க சும்மா இருங்க. அக்கா, இப்படி உட்காருங்க, இந்தப் படியில. வண்டியை நான் பிடிச்சுக்கறேன்.

— இதெல்லாம் வீட்டுக்கு இல்ல கண்ணு. கடைக்கு. சப்ளை வண்டி இப்பெல்லாம் எங்களை மாதிரி சின்னக் கடைக்கு நிக்கறதே இல்ல. ஒரு பெட்டி ரெண்டு பெட்டி இறக்க நேரமில்லையாம் அவங்களுக்கு. வேற எங்க போய் வாங்குறது? நான்தான் பெரிய கடைக்குப் போய் எடுத்துட்டு வர்றேன். அந்தக் கடை ஸ்டிக்கரைத் தண்ணியில ஊற வச்சு உரிச்சுட்டு அலமாரியில அடுக்குவேன். பாருங்க, நகமெல்லாம் எப்படிப் போயிருக்குன்னு.

— அப்ப, இவர் உங்க கடையில வாங்குற மெழுகுவத்தி?

— அதுவும் அங்க இருந்துதான். தம்பி அதையே வாங்குறாருன்னு நானும் அதையே கொண்டு வர்றேன்.

— அக்கா, என்னை இப்படியே இந்தச் சாக்கடையில தள்ளிடுங்க.

— நீங்க எதுக்கு வெட்கப்படுறீங்க தம்பி? ஊரான் கடைச் சாமானை எங்க சாமான்னு விக்கிறது நாங்க.

— மாமாவை நீங்கதான் பார்த்துக்கிறீங்க. உங்ககிட்ட விட்டுட்டுத்தான் நாங்க அங்க போறோம். இதுக்கு மேல எங்களுக்கு வேற என்ன வெட்கம் வேணும்? அக்கா, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மாமாவுக்கு அந்தக் கடையை விட்டா வேற போக்கிடம் இல்ல. அண்ணன் மனசு விட்டுப்போயி, நாளையில இருந்து வேண்டாம்னு சொல்லிட்டா…

— அவருக்குத் தெரியும் கண்ணு.

— என்ன தெரியும்?

— நீங்க எங்க போறீங்கன்னு. உங்க மாமனார் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையா அதைத்தான் சொல்லுவாரு. "பசங்க பெரிய கடைக்குப் போயிருக்காங்க, வர நேரமாகும்"பாரு. என் பேரை மறந்துட்டாரு, அவர் பேரையே சில நாள் மறந்துடுறாரு. இது மட்டும் அவருக்கு மறக்கறதே இல்ல.

— அதுக்கு அண்ணன் என்ன சொல்லுவாரு?

— "நிதானமா வரட்டும் முதலாளி, நமக்கென்ன அவசரம்"பாரு. தம்பி, அழாதீங்க. சந்துல யாராவது வந்துடப் போறாங்க.

— போதும். பையை இப்படிக் குடுங்க. நான் கடைவீதி வழியாவே போறேன். இந்தப் பையைத் தூக்கிக்கிட்டே போறேன். அண்ணன் முகத்தைப் பார்த்து, ஆமா அண்ணே, நாங்க அங்கதான் போறோம், மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டு மாமாவைக் கூட்டிட்டு வர்றேன். இனிமே ஒளிஞ்சு நடக்க என்னால முடியாது.

— இவ சொல்றதுதான் சரி அக்கா. நானும் வர்றேன். மனசுல இருக்கிறதை இறக்கி வச்சாத்தான் எனக்கும் தூக்கம் வரும்.

— நில்லு கண்ணு. தம்பி, நீங்களும் நில்லுங்க. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

— ஏன் அக்கா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே?

— தெரியும். டெய்லர் போறது தெரியும். வாட்ச்காரர் வீட்டம்மா போறது தெரியும். எல்லாரும் இந்தச் சந்து வழியா வீட்டுக்குப் போயி பையை வச்சுட்டு, முன்பக்கமா எங்க கடைக்கு வருவாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே எதையாவது வாங்குவாங்க. டெய்லர் தேயிலைத்தூளா வாங்கிக் குவிக்கிறாரு. அவருக்கு டீயே பிடிக்காது.

— மறைக்கிறதாலதானே அக்கா இந்தக் கொடுமை?

— செருப்புக் கடைக்காரரும் இப்படித்தான் கண்ணு ஒரு நாள் சொன்னாரு. பச்சைப் பையோட நேரா கடைக்குள்ள வந்தாரு. எல்லாத்தையும் சொல்லி, இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இவரும், "அதனால என்னப்பா, எங்க வாங்கினா என்ன"ன்னு தட்டிக் கொடுத்து அனுப்பினாரு. ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

— அப்புறம் என்ன?

— அப்புறம் அந்த மனுஷன் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட எங்க கடைப்படி ஏறல. இப்ப பச்சைப் பையை ஆட்டிக்கிட்டு கடை வாசல் வழியாவே போறாரு, கையைத் தூக்கி வணக்கம் வேற சொல்லிட்டு. நீங்களும் சொல்லிட்டீங்கன்னா இவர் மன்னிச்சுடுவாரு. டெய்லர் சொன்னாலும் மன்னிச்சுடுவாரு. அவர் குணம் அது. எல்லாரையும் மன்னிச்சுட்டு கடையைப் பூட்டிட்டா, உங்க மாமனாரை எங்க கொண்டு போய் உட்கார வைப்பீங்க? பின்பக்கமாவே போங்க கண்ணு. நீங்கெல்லாம் கூச்சப்படுற வரைக்கும்தான் எங்க கடை.