மணிக்கு முந்திக்கொண்ட மூளை

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காகவே பாட்டு ஓடாத இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்ளும் அற்பன் நான். நேற்று அதன் மறுமுனை எதிலும் சொருகாமல் மடியில் தொங்கியதை வண்டலூர் தாண்டித்தான் கவனித்தேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவள் ஆரம்பித்தாள்.

"மணி அடிக்கிறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே மூளைக்குத் தெரிஞ்சிடுதுன்னு எங்க கைடு ஊரெல்லாம் சொல்லிட்டாருடி. நாளைக்கு மேடையில வேற பேசப் போறாரு."

"நல்லதுதானே?" என்றாள் தோழி.

"சாஃப்ட்வேர் கோளாறுடி, பக். மூளைப் பதிவுல முதல் ஒரு செகண்டை வெட்டினேன். பதிவு முன்னாடி நகர்ந்துடுச்சு. மணி அடிச்ச நேரத்தைக் காட்டுற குறியெல்லாம் பழைய இடத்துலயே நிக்குது. அதான் மூளை முந்திக்கிட்ட மாதிரி தெரியுது."

"எல்லாருக்குமா?"

"முப்பது பேருக்கும். தலையில கம்பி ஒட்டணும், எண்ணெய் வைக்காம வாங்கன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்."

"குறியை நகர்த்திட்டா சரியாயிடுமில்ல?"

"சரியாயிடும். கண்டுபிடிப்புதான் காணாம போயிடும்."

"பேசாம இரு. பட்டம் வாங்கிட்டுச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு எவனாவது எழுந்து கேள்வி கேட்டா அவர் மானம் போயிடும்டி."

கண்ணாடி போட்டவள் போனில் நீளமாகத் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

"கைடுகிட்ட சொல்லிட்டேன்."

என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, அந்த முப்பது பேர்ல ஒருத்தருக்காவது நிஜமாவே முன்னாடி தெரிஞ்சிருக்கலாம் இல்ல?"

"எங்க கைடும் இதையேதான் சார் கேப்பாரு."