பத்தாவது வாக்கியம்

'கிவ் அப்' பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். ஒரு பழக்கத்தையோ முயற்சியையோ பாதியில் கைவிடுவது, அவ்வளவுதான். சிகரெட்டுக்கும் அதுதான், படிப்புக்கும் அதுதான், நம்பிக்கைக்கும் அதுதான். பதினாறு வருடமாக ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் புத்தக உதாரணம் செல்லாது. ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து பத்து வாக்கியம் எழுத வேண்டும். முதல் நான்கைந்தை ஒப்புக்கு எழுதுவார்கள். சரக்கு தீர்ந்ததும் உண்மை வந்துவிடும்.

என் மனைவி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு என்னிடமே படித்தாள். போனதும் என்னையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். 'கிவ் அப்'புக்கு அவள் எழுதிய பத்தாவது வாக்கியம் இது: "என் கணவர் மாறுவார் என்ற நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டேன்." திருத்தப்போவது நான் என்பதை மறந்து எழுதினாளோ, தெரிந்தே எழுதினாளோ. பிழை இல்லை, டிக் போட்டேன். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தேர்வு நாள் காலையில் அவள் காப்பியில் ஒரு தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். தேர்வறையில் கண் சொக்கி, தோற்றுத் திரும்பினாள்.

"என்னால முடியலைங்க. தலை வேலையே செய்யல," என்று என் மடியில் படுத்து அழுதாள்.

"விடு, உடம்புக்கு முடியலைன்னா நீ என்ன பண்ணுவ," என்றேன்.

அன்றுபோல நாங்கள் ஒட்டுதலாக இருந்து வருடக்கணக்காகியிருந்தது. அடுத்த தேர்வுக்கும் அப்படியே செய்தேன். அவளாகவே விட்டுவிடுவாள் என்று பார்த்தேன். மூன்றாவது முறையும் விண்ணப்பித்தாள்.

இந்த முறை கணக்குப் பார்க்காமல் போட்டேன்.

"கசக்குதுங்க," என்றாள்.

"தூள் கூடிப்போச்சு. குடி, நேரமாகுது."

செருப்பை மாட்டும்போதே சாய்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்கு அவள் மூச்சு தடுமாறத் தொடங்கியது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை தெருமுனையில்தான் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். பிழைத்தால் மறுபடி எழுதுவாள். எனக்கு அவளைத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அது சில்லிட்டுப்போனது.

ஆமாம், நான்தான் கொன்றேன். ஆனால் நாளைக்கு அவள் அக்கா வந்து என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள், அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நான் ஒருநாளும் நின்றதில்லை.