கோட்டுப் பையில் ஃபியூஸ் கட்டை

சுவரில் முதல் சம்மட்டி விழுந்த சத்தத்தில் என் கையிலிருந்த கரண்டி ஆடிவிட்டது. மிக்கேலம்மாளின் கழுத்தில் கஞ்சி ஒழுகியது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறவள் இல்லை நான்.

எங்கள் இல்லத்தை நீங்கள் இதற்குமுன் பார்த்திருக்கமாட்டீர்கள், மேடம். கடத்தூருக்கு வெளியே, இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்புகிறவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம். நான் அங்கே மூத்த நர்ஸ். அறைகளை இடித்துப் பெரிதாக்கும் வேலை தொடங்கியதால் எல்லாரையும் ஒரே ஹாலில் நெருக்கிப் போட்டிருந்தோம். சாப்பாட்டில் சிமெண்டுத் தூசி. நாள் முழுக்க டிரில்லிங் மிஷின். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கழுவிய டிரேயையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மிக்கேலம்மாள் கம்பைநல்லூர்க்காரர். குடலில் புற்றுநோய். என் கையால் மட்டும்தான் சாப்பிடுவார். சில்வியா சிஸ்டர் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு முதுகில் படுக்கைப் புண். அதற்காகக் காற்று மெத்தை போட்டிருந்தோம். சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது உப்பியிருக்கும். நின்றால் மெத்தை இறங்கிவிடும், புண் கட்டிலின் பலகையில் அழுந்தும். இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

வயரிங் வேலைக்குப் பாலக்கோட்டிலிருந்து தீர்த்தகிரி வந்தான். வந்த அன்றே மிக்கேலம்மாளின் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கினான். மேலே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆத்தா, நீங்க எங்கூரு தக்காளி வெல மாதிரிங்க. நேத்து ஏறி நின்னீங்க, இன்னிக்கி மொகம் எறங்கிக் கெடக்குது."

"போடா, வாயி மட்டும் இல்லன்னா உன்ன நாயி தூக்கிட்டுப் போயிரும்."

"தூக்கிட்டுப் போனா ஃபேன யாரு மாட்டுவா? ரெண்டு வாய் சாப்புடுங்க, அப்பறமா வையுங்க."

அவர் சாப்பிட்டார். அவன் கையிலிருந்து. அந்தக் கையில் கிரீஸ் இருந்தது. நோய்த்தொற்று பற்றி நான் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். மறுநாள் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஊட்டினான்.

அவனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வேலை தொடங்கும் முன் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிடுவான். "உங்க கோட்டுப் பையிலயே இருக்கட்டும் சிஸ்டர். யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. அது உங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமே இல்லீங்க." சின்னப் பீங்கான் கட்டைதான். ஆனாலும் நடக்கும்போதெல்லாம் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவன் வராந்தாவில் ஏணிமேல் இருந்தான். நான் கஞ்சி கொண்டுபோனேன். மிக்கேலம்மாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"அவன் எறங்கி வரட்டும் சிஸ்டர். அவன் குடுத்தா சாப்புடறேன்."

நான் கோபப்படவில்லை. கிண்ணத்தை மூடி வைத்தேன். அப்போதுதான் மெத்தையைக் கவனித்தேன். இறங்கியிருந்தது. கரண்டு இல்லை, மோட்டார் நின்றிருக்கும் என்று புரிந்தது. ஒருபக்கம் புண்ணோடு நகரமுடியாமல் படுத்திருப்பவர். மறுபக்கம் கைகால் நன்றாக இருக்கிற ஆள். வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை இருப்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் பார்த்தேன். என் பொறுப்பு நோயாளிதான்.

மெயின் போர்டு வராந்தா முனையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஏணி தெரியும். அவன் இரண்டு கையிலும் வயரைப் பிடித்து, பல்லால் தோல் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். கட்டையைச் செருகினேன். மெயினைத் தூக்கினேன்.

ஹாலில் ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. "அப்பாடா, காத்து வந்திருச்சு," என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஏணி விழுந்த சத்தம்.

தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லி சில்வியா அழுதாள். எனக்குப் பொய் வராது, மேடம். தெரிந்தேதான் போட்டேன். ஒரு நோயாளிக்காகப் போட்டேன். உங்கள் ஜீப் வருவதற்குள் மிக்கேலம்மாளிடமும் சொல்லிவிடலாம் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க பெட்டு எறங்கிடுச்சுன்னுதான் ஆத்தா கரண்டப் போட்டேன்" என்றேன்.

அவர் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

"பெட்டு எங்க சிஸ்டர் எறங்குச்சு? கரண்டு போனாலும் ஓடட்டும்னு வந்த அன்னிக்கே அந்த மோட்டார இன்வெர்ட்டர்ல மாட்டிக் குடுத்துட்டானே. கட்டிலுக்கு அடியில நீங்கதான அவனுக்கு டார்ச் அடிச்சீங்க?"